கணக்குக் கேட்போம்! கணக்குக் காட்டுவோம்!

(ஆவடியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத சகோதரர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)

 



உங்களில் பலர் கடை வைத்திருப்பவர்கள். அம்பத்தூர் ஓ.டி.யில் துணிக்கடை, ஆவடி மார்க்கெட்டில் கறிக்கடை, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் செருப்புக்கடை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இரவு கடையைச் சாத்தும்போது கல்லாவை எண்ணாமல் வீட்டுக்குப் போவீர்களா? வேலைக்கு நிற்கிற பையன் நல்ல பையன், ஐந்து வேளையும் தொழுகிற பையன் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விடுவீர்களா? விடமாட்டீர்கள். கேட்டால் அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். கேட்காவிட்டால்தான் ஒருநாள் உங்களுக்குள் மனக்கசப்பு வரும்.

சரி. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறீர்கள். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. இவை போக உரிமக் கட்டணம். 2022ல் சொத்து வரியை 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். முணுமுணுத்தோம், கட்டினோம். அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போனது, எந்தக் கால்வாய்க்குப் போனது என்று நம்மில் எத்தனை பேர் எழுதிக் கேட்டோம்? டீக்கடையில் கேட்டோம். டீக்கடையில் கேட்டால் டீ மாஸ்டர்தான் பதில் சொல்வார்!

அரசிடம் கணக்குக் கேட்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். ஸஹீஹுல் புகாரியைத் திறந்து பாருங்கள். தலைவர் தம் அதிகாரிகளிடம் கணக்குக் கேட்பது பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. அதில் இப்னுல் லுத்பிய்யா என்பவரின் சம்பவம் வருகிறது. ஜகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் அவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் பொருளை இரண்டு பங்காகப் பிரித்து வைத்தார். இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தனியறையில் கண்டித்து முடித்துவிடவில்லை. மிம்பரில் ஏறி மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். இவர் பதவி இல்லாமல் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். இன்று லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது 'டீ செலவு' கேட்கிறவருக்கும், கேட்காமலேயே நீட்டுகிற நமக்கும் அந்தக் கேள்வியில் பங்கு இல்லையா? லஞ்சம் வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் சேர்த்துத்தானே நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள்?

உமர் (ரலி) அவர்களின் இரண்டு துணிகளின் சம்பவத்தை நூறு பயானில் கேட்டிருப்பீர்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு ஒரு துணிதானே பங்கு கிடைத்தது, உங்கள் உடலில் எப்படி இரண்டு துணி, இதற்குப் பதில் வரும்வரை உங்கள் பேச்சைக் கேட்கமாட்டோம் என்று ஸல்மான் (ரலி) எழுந்து நின்ற சம்பவம். கேட்டவரின் துணிச்சலை மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் மிம்பரிலிருந்து இறங்கிவிடுகிறோம். பதில் சொன்னவரைக் கவனியுங்கள். உமர் (ரலி), நீ யார் கேட்பதற்கு என்று சொல்லவில்லை. கூட்டம் முடிந்து தனியாக வா என்றும் சொல்லவில்லை. அதே இடத்தில் தம் மகனை எழுப்பிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். என் பங்கைத் தந்தைக்குக் கொடுத்தேன் என்றார் மகன். இனிப் பேசுங்கள், கேட்கிறோம் என்றார் ஸல்மான் (ரலி). கேள்வியும் பகிரங்கம், பதிலும் பகிரங்கம், சாட்சியும் பகிரங்கம்!

இந்தியாவில் இந்தக் கேள்வியைச் சட்டமாக்கியவர்கள் யார் தெரியுமா? டெல்லியின் படித்த கனவான்கள் என்று நினைத்தால் தவறு. ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்கு மண் சுமந்த ஏழைக் கூலிகள். வேலை செய்த நாட்களுக்கு முழுக்கூலி வரவில்லை. கேட்டால், நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றால் அரசாங்க ரகசியம் என்றார்கள். மண் சுமந்தவனுக்கு அவன் சுமந்த மண்ணின் கணக்கே ரகசியம்! 1990ல் அவர்கள் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. பதிவேட்டை ஊர் நடுவில் வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி, கட்டி முடிக்காத கட்டடத்துக்கு முடிந்ததாகப் பணம் என்று எல்லாம் வெளியே வந்தது.

1996ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. வணிகப் பெருமக்களே, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த 40 நாளும் கூலித் தொழிலாளிகளுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? பியாவர் கடைவீதிக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள், ஊர் மக்கள் தானியமும் பணமும் கொடுத்தார்கள். கணக்குக் கேட்ட போராட்டத்துக்குக் கடைக்காரன் உலை வைத்தான்!

நம் தமிழ்நாடு அடுத்த ஆண்டே, 1997ல், தகவல் அறியும் உரிமைக்கு ஒரு சட்டம் இயற்றியது. இந்தியாவிலேயே முதல் மாநிலம். பெருமைதான். ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம், தகவல் தராத அதிகாரிக்குத் தண்டனை இல்லை. பல் இல்லாத வாயால் கடிக்க முடியுமா? பிறகு நாடு முழுவதுக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அந்த அதிகாரி தம் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் கட்ட நேரிடும்.

இதெல்லாம் புத்தகத்தில் உள்ளது. எங்கள் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பதைச் சொல்லப் போவதில்லை.

பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் மழைநீர் வடிகால் தோண்டினார்கள். பாதித் தூரம் கட்டினார்கள், மீதியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஃபஜ்ர் தொழுகைக்கு வந்த ஒரு பெரியவர் அந்தக் குழியில் விழுந்து இடுப்பொடிந்தார். ஜமாஅத் சார்பில் நேரில் போய்ச் சொன்னோம். 'பார்க்கிறோம்' என்றார்கள். மறுபடி போனோம். 'பண்டு இல்லை' என்றார்கள். நான் இளைஞர்களைக் கூட்டி, தகவல் மனுப் போடலாம் என்றேன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"ஹஜ்ரத், என் பேரப் போட்டு அனுப்புனா போலீஸு விசாரிக்க வருவாங்களா? எங்கம்மா பயப்படுறாங்க."

சகோதரர்களே, இந்தக் கேள்வியில் நான் சிரிக்கவில்லை. பூந்தமல்லி என்றால் மற்றவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டு நினைவுக்கு வரும். நம் சமுதாயத்தின் தாய்மார்களுக்கு அங்குள்ள தனி நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. பெயரைப் பார்த்ததும் குரல் மாறுகிற அலுவலர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தாயின் பயம் கற்பனையல்ல. ஆனால் அந்தப் பயத்துக்கு இந்தச் சட்டத்தின் 6வது பிரிவில் ஒரு பதில் இருக்கிறது. தகவல் ஏன் வேண்டும் என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது. தொடர்பு கொள்ளத் தேவையான முகவரிக்கு மேல் சொந்த விவரம் எதையும் கேட்கக் கூடாது. நீ குடிமகன், அது போதும்!

இருந்தாலும் அந்தத் தம்பியைத் தனியாக விடவில்லை. எட்டுப் பேர் எட்டு மனுப் போட்டார்கள். அதில் இரண்டு பேர் அதே தெருவிலுள்ள இந்துச் சகோதரர்கள். குழியில் விழுகிறவனுக்கு மதம் ஏது? மனுவில் புலம்பல் ஒரு வரி கூடக் கிடையாது. ஏன் செய்யவில்லை, எப்போது செய்வீர்கள் என்ற கேள்வி கிடையாது. அப்படிக் கேட்டால், 'இது தகவல் அல்ல' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேட்டோம். மதிப்பீட்டின் நகல், ஒப்பந்தக்காரருக்கு வழங்கிய பணி ஆணையின் நகல், எம்.புக் என்று சொல்கிற அளவுப் புத்தகத்தின் நகல், இதுவரை கொடுத்த பில் தொகை. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வைத்தோம்.

ஐந்து பேருக்கு 30 நாளுக்குள் பதில் வந்தது. மூன்று பேருக்கு வரவில்லை, மேல்முறையீடு செய்தார்கள். வந்த அளவுப் புத்தகத்தில் வடிகாலின் நீளம் 140 மீட்டர் என்று இருந்தது. தெருவில் டேப்பு பிடித்து அளந்தால் 90 மீட்டரைத் தாண்டவில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் நகல் வாங்குவதோடு வேலையையே நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது. பார்வையிட அனுமதி கேட்டு அடுத்த மனுவை எழுதினோம். அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்னால் ஜே.சி.பி. வந்துவிட்டது! ஒரு வாரத்தில் வடிகால் முடிந்தது. யாருக்கும் அபராதம் விழவில்லை, யாரும் பணியிடை நீக்கம் ஆகவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தத் தம்பியின் தாய் இப்போது தெருவிளக்குக்கு மனு எழுதிக் கொடு என்று மகனைக் கேட்கிறார்.

தெருவோரம் வியாபாரம் செய்யும் சகோதரர்களே! பழவண்டி, அத்தர் தட்டு, துணி விரிப்பு என்று பிழைக்கிறீர்கள். உங்களுக்கென்று 2014ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் உங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தெரு வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தொண்டு நிறுவனங்களுக்கும் மக்கள் அமைப்புகளுக்கும் 10 சதவீதம். சிறுபான்மையினருக்கு உரிய இடம் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதிகாரியும் வியாபாரியும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று சட்டமே நாற்காலி போட்டிருக்கிறது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? உங்கள் ஊர்க் குழுவின் உறுப்பினர் பட்டியல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, கணக்கெடுப்பில் வந்த பெயர்கள் ஆகியவற்றை ஒரு 10 ரூபாய் மனுவில் கேட்கலாம். தட்டைத் தூக்கி லாரியில் போட்ட பிறகு ஓடிவந்து ஜமாஅத்தில் அழுவதைவிட அது நல்லது.

இடஒதுக்கீட்டுக்கும் இதையே சொல்வேன். 2007ல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனி ஒதுக்கீடு கிடைத்தது. சிறை நிரப்பி, மாநாடு கூட்டிப் பெற்ற உரிமை அது. வெள்ளை அறிக்கை கொடு என்று மேடையில் முழங்குகிறோம், முழங்க வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பணியிடம், சுழற்சி வரிசையில் நமக்குரிய இடம் எது, அதில் யார் பெயரையும் கேட்காமல் எத்தனை பேர் நியமனம் என்று 50 துறைகளுக்கு 50 இளைஞர்கள் எழுதினால் நம் வெள்ளை அறிக்கையை நாமே தயாரிக்கலாமே! மாநாட்டுப் பந்தலுக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்கு போதும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தகவல் மனுப் போட்டுவிட்டு, ஒப்பந்தக்காரரிடம் போய் 'கவனித்துக்கொள்ளுங்கள்' என்று மனுவை விலை பேசுகிற கூட்டம் ஒன்று எல்லாச் சமுதாயத்திலும் கிளம்பியிருக்கிறது. நம்மிலும் இருக்கிறது. 10 ரூபாய் மனுவைப் பத்தாயிரத்துக்கு விற்பது பச்சை ஹராம். அப்படிச் செய்கிறவன் நம் அமைப்பின் கொடியைப் பிடிக்க வேண்டாம். மறுபக்கம், உண்மையாகக் கேட்டதற்காக உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. குஜராத்தில் கிர் வனப்பகுதியின் சட்டவிரோதச் சுரங்கங்களுக்கு எதிராகப் போராடிய அமித் ஜேத்வா 2010 ஜூலையில் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால்தான் எட்டுப் பேர் எட்டு மனு என்கிறேன். எட்டுப் பேரை எங்கே போய் மிரட்டுவான்?

சட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறார்கள். 2019ல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசு முடிவு செய்யும்படி திருத்தினார்கள். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக இன்னொரு திருத்தம் செய்து, 2025 நவம்பரில் அதை நடைமுறைப்படுத்தினார்கள். இனி, இது தனிநபர் தகவல் என்று சொல்லிப் பல பட்டியல்களை மறுப்பது எளிதாகிவிட்டது. பொதுநலன் பெரிதாக இருந்தால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

உலகத்தில் பல நாடுகள் வேறு திசையில் போகின்றன. 2011 செப்டம்பரில் எட்டு நாடுகள் சேர்ந்து திறந்த அரசுக் கூட்டாண்மை என்ற அமைப்பைத் தொடங்கின. அரசும் மக்கள் அமைப்புகளும் சேர்ந்து உட்கார்ந்து, என்னென்ன விவரங்களைத் திறந்து வைப்போம் என்று திட்டம் எழுதி, நிறைவேறியதா என்று பார்க்கிற ஏற்பாடு. அந்த எட்டில் ஒன்று, உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா. நம் அண்டை நாடு இலங்கை 2015ல் சேர்ந்தது, அடுத்த ஆண்டே தகவல் சட்டமும் இயற்றியது. தொடக்கத்தில் அழைக்கப்பட்ட இந்தியா மட்டும் ஒதுங்கிக்கொண்டது.

டெல்லி ஒதுங்கினால் ஒதுங்கட்டும், நம் தெருவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கிராமங்களில் கிராம சபை இருப்பதுபோல் நகரங்களுக்கும் ஏரியா சபை வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்குப் பின் 2022ல் தமிழக அரசு விதிகள் வகுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ல் முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் கலந்துகொண்டார். 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த அம்பத்தூருக்கும், 2019ல் மாநகராட்சியான ஆவடிக்கும், பூந்தமல்லி நகராட்சிக்கும் இந்த விதிகள் பொருந்தும். உங்கள் வார்டில் ஏரியா சபைக் கூட்டம் எப்போது நடந்தது? நீங்கள் போனீர்களா? யாரும் கூப்பிடவில்லை என்கிறீர்கள். கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை வைத்துக் கூப்பிடுவார்கள்!

கடைசியாக நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். மக்களவையில் எதிர்த்து 232 வாக்கு, மாநிலங்களவையில் 95 வாக்கு. நாமும் தெருவில் இறங்கி எதிர்த்தோம். நம் முன்னோர் அல்லாஹ்வுக்காக எழுதி வைத்த சொத்தில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் எதைச் சொல்லிச் சட்டத்தை நியாயப்படுத்தினார்கள்? வக்ஃபில் கணக்கு இல்லை, வெளிப்படை இல்லை என்றுதானே! அந்த ஒரு குற்றச்சாட்டுக்கு நாம் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்ல முடிந்ததா?

முத்தவல்லி ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 வரையிலான வரவு செலவை ஜூலை 1க்கு முன் வக்ஃபு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46வது பிரிவு சொல்கிறது. 2025 திருத்தம் கொண்டுவந்த விதியல்ல இது, நம் பழைய சட்டம்! எத்தனை ஜமாஅத்தில் கொடுக்கிறார்கள்? கொடுத்ததன் நகலை எத்தனை பள்ளியில் ஒட்டுகிறார்கள்? பள்ளிவாசல் கடையை மாதம் 300 ரூபாய் வாடகைக்கு எடுத்து, அதையே 8,000 ரூபாய்க்கு உள்வாடகை விட்ட ஒரு செல்வந்தரை நான் அறிவேன். முதல் ஸஃப்பில் நிற்பவர். அவரிடம் கேட்க நிர்வாகிகளுக்கு வாய் வரவில்லை, எனக்கும் பல காலம் வாய் வரவில்லை. சம்பளம் வாங்குகிற இமாம் நிர்வாகத்தைக் கேட்பது எளிதல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த வடிகால் மனு என்னைச் சும்மா விடவில்லை. அளவுப் புத்தகத்தைக் கேட்ட அதே தம்பி ஒருநாள் இஷாவுக்குப் பிறகு என்னிடம் வந்தான்.

"ஹஜ்ரத், அவங்க கணக்க கேட்டோம், குடுத்தாங்க. நம்ம பள்ளி கணக்க யாரு கிட்ட கேக்கணும்?"

எனக்கு ஸல்மான் (ரலி) ஞாபகம் வந்தது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை நான் வைத்தேன். சத்தம் அதிகமாக இருந்தது. ஒருவர் எழுந்து வெளியே போனார். இரண்டு மாதம் இழுத்தது. இப்போது எங்கள் பள்ளியில் செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது. ஜும்ஆ வசூல், கடை வாடகை (யார், எவ்வளவு என்பதோடு), மின்கட்டணம், இமாம், முஅத்தின் சம்பளம் எல்லாம் மாதாமாதம் 5ஆம் தேதிக்குள் எழுதப்படுகிறது. என் சம்பளம் எவ்வளவு என்று இப்போது ஊருக்கே தெரியும்! 300 ரூபாய்க் கடைக்கு வாடகை பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை. அந்தப் பக்கம் வந்தால் உள்ளே வந்து பலகையைப் படியுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் பொருளாளரிடம் கேளுங்கள். அஸருக்குப் பிறகு இருப்பார்.